மூன்றாவது தொட்டி

மார்ச் 3

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் தபால்.

நம் முலாம் பட்டறையின் கழிவுநீர் பர்மிட் செப்டம்பர் 30 வரைக்கும்தான். நூற்றெண்பது நாள் முன்னதாகவே புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும் என்று நீ சுவரில் ஒட்டிவிட்டுப் போன தாளில் இருக்கிறது. ஏப்ரல் 3 கடைசி நாள். பார், நானும் காலண்டர் பார்க்கிறேன்! போன தடவை நீ எழுதிய விண்ணப்பத்தை வரி பிசகாமல் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பர்மிட் ஏட்டில் பொறுப்பாளர் இன்னும் நீதான். பென்சிலில் புள்ளி வைத்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்காதே.

பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இப்படிக்கு,
பாப்பா அப்பா

மார்ச் 9

பாப்பா அப்பாவுக்கு,

படிக்காதே என்றால் முதலில் அதைத்தான் படிப்பேன் என்பது பதினாறு வருஷத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வரி பிசகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் அன்று தப்பாக எழுதி அடித்துத் திருத்திய இடத்தில், நீங்களும் அதே தப்பை எழுதி அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. அதில் நிக்கல், துத்தநாகம் என்று இரண்டு தொட்டிதான் இருக்கிறது. லீவுக்கு அங்கே போய்வந்த உங்கள் மகள், "அப்பா புதுசா ஒரு தொட்டி வச்சிருக்காரும்மா, கழுவுற தண்ணி மஞ்சளா ஓடுது" என்கிறாள். மஞ்சள் என்றால் குரோம். அது விஷம் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா? ஏட்டிலிருந்து என் பெயரை எப்போதோ எடுத்திருப்பீர்கள் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்க்காத தண்ணீருக்கு என் கையெழுத்து கிடையாது. அந்த மஞ்சள் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். தொட்டியை நிறுத்துங்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் பட்டறைக்கே பூட்டுதான்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். உங்களைப் போலவே வெண்டைக்காயை ஒதுக்கிவைக்கிறாள்.

பாப்பா அம்மா

மார்ச் 14

பாப்பா அம்மாவுக்கு,

அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். இங்கே பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். குரோம் வேண்டுமென்று ஆர்டர் வந்தது, வைத்தேன். நான் போய்ச் சொல்லி, அவர்கள் மொத்தமாக மூடச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்டால் பதில் சொல்ல எனக்கு வராது. உனக்குத்தான் வரும்.

ஒன்று எழுதுகிறேன், சிரிக்காதே. நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பெயரை மாற்ற ஒரே ஒரு தாள் போதும். வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. அந்தப் பெயர் அங்கே இருக்கிறவரை, என்றைக்காவது நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். ஒரு நாள் வந்து அந்த அலுவலக அதிகாரியிடம் பேசிவிட்டுப் போயேன்.

பாப்பா அப்பா

மார்ச் 18

பாப்பா அப்பாவுக்கு,

சிரிக்கவில்லை. கொஞ்சம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

நான் வரமாட்டேன். ஒரு நாளைக்கும் வரமாட்டேன். அதிகாரியின் வண்டி வாசலில் நின்றால் நீங்கள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவீர்கள். "அவகிட்ட கேளுங்க சார்" என்பீர்கள். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும் நான்தான், உங்கள் அண்ணன் சண்டைக்கு வந்தாலும் நான்தான். அலுத்துப்போய்த்தான் வந்தேனே தவிர, உங்கள்மேல் வெறுப்பு வந்து இல்லை.

பொறுப்பாளர் மாற்றத்துக்கான தாளில் என் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே உங்கள் இடம் காலியாக இருக்கிறது. முலாத்தின் நிறத்தைப் பார்த்தே தொட்டியில் என்ன குறை என்று சொல்கிற ஆள் நீங்கள். அதிகாரி கேட்கப்போவதும் அதைத்தான். உங்களால் முடியும். தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். நேரத்தோடு கொடுத்தால் புதியது வரும்வரை பழைய பர்மிட் செல்லும். இல்லாவிட்டால் அக்டோபர் முதல் தேதி பதினெட்டுப் பேரும் தெருவில்தான்.

பாப்பா அம்மா

ஏப்ரல் 2

பாப்பா அம்மாவுக்கு,

மூன்று தொட்டியையும் காட்டி, என் பெயரில் எழுதிய விண்ணப்பம் இன்று காலை சேர்ந்துவிட்டது. ஒரு நாள் முன்னாலேயே. முத்திரை குத்தி வாங்கிவிட்டேன்.

போன வாரமே அலுவலகத்துக்குப் போய்த் தொட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறுநாளே அதிகாரி பட்டறைக்கு வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் கால் பின்வாசல் பக்கம் போனது. இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். "உங்க வீட்டம்மா வரலையா?" என்றார். "இல்ல சார், இனிமே நான்தான்" என்றேன். சொல்லிவிட்டேனே என்று எனக்கே ஆச்சரியம். சோதனையில் குரோம், அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு. நன்றாகத் திட்டினார். தனியாகச் சுத்திகரிப்புத் தொட்டி கட்டி, அவர் வந்து பார்க்கும்வரை குரோம் ஓடக்கூடாது. மற்ற இரண்டும் ஓடலாம். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பட்டறை மூடிவிடும் என்று பயந்து பயந்து வருஷம் முழுக்க ஊர்ச் சாக்கடையில் விஷம் விட்டிருக்கிறேன். உன்னையும் அப்படித்தான் முன்னால் தள்ளித் தள்ளித் தொலைத்தேன்.

உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள் பத்து மாதமாக என் மேஜையில் கிடந்தது. கிடைக்கவில்லை என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தேன். முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. பாப்பாவிடம் நானே சொல்கிறேன். அதை நீ சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா