கேட் ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து

செவ்வாய், கும்மிடிப்பூண்டி.

இன்று போலீசும் கஸ்டம்சும் இங்குள்ள கெமிக்கல் கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். வெளிநாட்டில் போதை மருந்து காய்ச்சுகிறவர்களுக்குப் போக இருந்த எங்கள் கம்பெனியின் கெமிக்கல் டிரம்கள் துறைமுகத்தில் பிடிபட்டிருக்கின்றன. சந்தேகம் வந்தால் உடனே சொல்லுங்கள், சேர்ந்து தடுப்போம் என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் எழுந்து எல்லார் முன்னாலும் என்னைக் கை காட்டினார். "டிஸ்பாட்ச்ல இவன்தான் சார். அட்ரஸைக்கூடப் பாக்காம அனுப்பிட்டான்."

அது கம்பெனி முகவரி இல்லை, யாருடைய வீடோ என்று அன்று லோடை நிறுத்தியவன் நான். "இன்னாய்யா பேஜாரு பண்ணிக்கினு கீற, அனுப்பு" என்று கத்தியவர் அவர். நிறுத்திய வண்டியை யார் விடச் சொன்னாலும், ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்காமல் எங்கள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டார். எரிச்சலில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போன மேனேஜர் அதை மறந்தே போய்விட்டார்.

நாளை கேட் ரிஜிஸ்டரைப் பார்க்க வருவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சாருக்கு நீயே எடுத்துக் குடுடா."

கொடுக்கிறேன். அந்த 'டா'வுக்கும் சேர்த்தே கொடுக்கிறேன். இன்ஸ்பெக்டர் தேடிச் சிரமப்பட வேண்டாமென்று, மேனேஜர் கையெழுத்து இருக்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு நூல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.