ஆரஞ்சுப் பழத்துக்கு ஒரு குல்லா

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டாவது குல்லாவும் பாப்பாவின் தலையில் ஏறவில்லை. காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — எட்டு மாதக் குழந்தைக்கு அவ்வளவு ஏளனம் எங்கிருந்து வருகிறது?

முதல் குல்லா கச்சிதமாக இருந்தது. அதைத் தள்ளுவண்டியிலிருந்து தெருவில் எறிந்துவிட்டாள். திரும்பிப் போய்ப் பார்ப்பதற்குள் காணவில்லை. வெறுந்தலையில் சளி பிடித்துவிடுமே என்ற பயத்தில் இன்னொன்று பின்ன உட்கார்ந்தேன். அதே நூல், அதே ஊசி, வரிசைக்கு அதே எண்பது கண்ணி. ஒன்றும் மாற்றவில்லை.

அப்படியென்றால் மாறியது தலைதானே?

ஒரே மாதத்தில் ஒரு தலை இவ்வளவு வளருமா?

நவம்பர் 5, புதன்

இவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வளர்ற குழந்தைம்மா. கை கால் வளரும்போது தலை மட்டும் சும்மா இருக்குமா?" என்றார்.

கை கால் வளரவில்லையே! போன மாதச் சட்டை இந்த மாதமும் தொளதொள. தலை மட்டும்தான் வளர்கிறது. அதுதானே என் பயமே. இவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு பெட்டி மேலே போய்க் கீழே வந்துவிட்டால் இவருக்கு உலகம் சரியாக இருக்கிறது. எனக்கு வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விபத்து விண்ணப்பங்களைப் படிப்பது. வாளி, ஸ்டூல், ஈரத் துணி — எது ஆளை எப்படிக் கவிழ்க்கும் என்று எனக்குத்தான் தெரியும். நீட்டித்த பிரசவ விடுப்பில் வந்தாலும் மூளை விடுப்பில் வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்றாவது குல்லா முடிந்தது. அதே எண்பது கண்ணி, எண்ணி எண்ணிப் போட்டேன். உச்சந்தலையில் பால் பாத்திரத்து மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பாப்பா தலையை ஆட்டினாள், உருண்டு விழுந்தது.

போனில் தேடக் கூடாது என்று இருந்தேன். தேடிவிட்டேன். தேடியிருக்கக் கூடாது.

நவம்பர் 11, செவ்வாய்

டாக்டரிடம் போய்விட்டு வந்தோம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டாக்டரம்மா டேப்பை எடுத்துப் பாப்பா தலையைச் சுற்றி அளந்தார். எழுதி வைத்திருந்த பழைய அளவோடு ஒப்பிட்டார். "கரெக்டா இருக்கேம்மா. எதுக்குச் சந்தேகம் வந்துச்சு?"

நான் பையிலிருந்து இரண்டு குல்லாக்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். நீதிமன்றத்தில் சாட்சிப் பொருள் வைப்பது போல. எண்பது கண்ணிக் கதையையும் சொன்னேன்.

அவர் இரண்டையும் இழுத்துப் பார்த்தார். முந்தையது கொஞ்சம் நெகிழ்ந்தது. மற்றது நெகிழவே இல்லை. அதை மேசையில் தட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது.

"தலை நல்லா இருக்கும்மா. குல்லாதான் நாளுக்கு நாள் சின்னதாகுது. கவலைப்பட்டுக்கிட்டே பின்னுவீங்களோ? நூலைப் போட்டு இந்த இழு இழுத்தா கண்ணி எப்படி விரியும்?"

கவலைப்பட்டதால் இறுகியது. இறுகியதால் ஏறவில்லை. ஏறாததால் இன்னும் கவலை. ஆக மொத்தம் நானே சுற்றிய நூலில் நானே மாட்டியிருக்கிறேன்.

"வீட்ல ஒரு டேப் இல்லையா?" என்று கேட்டார் கடைசியில்.

இவர் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார். இவர் பெல்ட்டிலேயே ஒரு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

நவம்பர் 12, புதன்

இவர் இதைத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். "சிரிப்பாங்களேன்னு சொன்னேன்." அத்தை சிரிக்கவில்லையாம்.

நவம்பர் 16, ஞாயிறு

சிரிக்காததன் காரணம் இன்று தெரிந்தது. காலையில் அத்தையே எனக்குப் போன் செய்தார்.

என் மாமியார் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது கட்டில் வார்டை ஒற்றைப் புருவத்தில் நடத்தியவர். இப்போதும் அவர் போன் அடித்தால் நான் எழுந்து நின்றுதான் எடுக்கிறேன்.

"ஜனவரியில நீ வேலைக்குப் போகணும். இப்பவே இப்படிக் கெடந்து தவிக்கிற. பாப்பா ஒரு ஆறு மாசம் எங்கிட்ட இருக்கட்டும். நீயும் நிம்மதியா இரு."

ஆறு மாதம்! அத்தை வீடு ஒரு ராத்திரி ரயில் பயணம். நான் என்ன சொன்னேன்? "சரிங்கத்தை, பாக்கலாங்கத்தை." ஏன் அப்படிச் சொன்னேன்? என் வாய் எனக்காக வேலை பார்க்கிறதா, அத்தைக்காக வேலை பார்க்கிறதா?

"நீ பாக்கலாம்னு சொன்னா முடியாதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியும்," என்றார் இவர்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கா? பாக்கலாம்னா டிக்கெட் எடுத்துடுவாங்க."

ஒன்றும் செய்யத் தோன்றாமல் ஊசியை எடுத்தேன். கண்ணீர் வந்ததில் கண்ணியும் தெரியவில்லை, வரிசையும் தெரியவில்லை. இழு, இழு, இழு.

நவம்பர் 18, செவ்வாய்

முடிந்தது. அந்தக் குல்லா பாப்பாவுக்கு ஏறவில்லை. பாப்பாவின் கரடி பொம்மைக்கும் ஏறவில்லை. இவர் சமையலறையில் இருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வந்தார். அளவெடுத்தது போல ஏறியது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் மட்டும் அழுதேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒரு யோசனை. அத்தை பாப்பாவைக் கூட்டிப்போக வருவதற்குள் ஆளுக்கொரு பரிசு பின்னிவிடுவது. "குழந்தையையும் பாத்துக்கிட்டு இத்தனையும் செஞ்சாளா!" என்று அத்தை அசந்து போக வேண்டும். அப்புறம் எப்படிப் பாப்பாவைக் கேட்பார்?

முதலில் இவருக்கு ஒரு குல்லா. பாப்பா நேற்று மதியம் முழுக்கத் தூங்கினாள். ஜன்னலோரம் வெயில். பக்கத்து வீட்டு ரேடியோவில் நல்ல பாட்டு. ஆனந்தமாகப் பின்னினேன். இவர் போட்டுப் பார்த்தார். நெற்றியைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, தாடையில் போய் நின்றது.

உள்ளேயிருந்து குரல்: "தாராளமா இருக்கு. நீயும் வாயேன்."

டிசம்பர் 3, புதன்

பாப்பாவுக்குக் காலுறை. இடது கால் தடுப்பூசிக்கு முந்தின நாள் பின்னியது. வலது கால், ஊசி போட்டுக் காய்ச்சல் எதுவும் வராமல் போன மறுநாள். இடது காலுறை பாப்பாவின் கட்டை விரலுக்குச் சரியாக இருக்கிறது. வலது எனக்கு.

டிசம்பர் 14, ஞாயிறு

அத்தை போன். "இருபதாம் தேதி வரேன். பாப்பாவோட துணிமணியெல்லாம் எடுத்து வை. ஊருக்குத் திரும்பும்போது கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."

"சரிங்கத்தை."

சரிங்கத்தையாம்! இந்த முறை "பாக்கலாம்"கூட இல்லை.

"நான் வேணா அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்றார் இவர்.

"வேண்டாம். நீங்க சொன்னா நான் தூண்டிவிட்டதா ஆயிடும்."

"அப்ப நீயே சொல்லு."

"நான் எப்படிங்க சொல்றது?"

"அப்ப யாருதான் சொல்றது? லிஃப்ட் ஆபரேட்டரா?"

அத்தைக்கான குல்லாவைக் கையில் எடுத்தேன். நல்ல நீல நூல், மிருதுவானது. விரல் சிவக்கும்வரை பின்னினேன். அவிழ்த்து மறுபடி பின்ன நேரமில்லை.

டிசம்பர் 20, சனி

அத்தை வந்தாயிற்று. செருப்பைக் கழற்றினார், கையைக் கழுவினார், பாப்பாவின் வாயைத் திறந்து பல் வருகிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் "நல்லா இருக்கியாம்மா?" இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

குல்லாவைக் கொடுத்தேன். "எனக்கா?" என்று அவர் முகம் ஒரு நொடி சின்னப் பிள்ளை முகம் ஆனது. அதை எதிர்பார்க்கவே இல்லை. போட இரண்டு கையும் வேண்டியிருந்தது. இவர் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். உள்ளே போனதும் அத்தையின் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. நிரந்தரமாக ஆச்சரியப்பட்டது போல ஒரு முகம்.

நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"ரயில்ல வந்த தலைவலி," என்றார் அத்தை மெதுவாக. "நெத்தியில துணியை இறுக்கிக் கட்டினாப்பல இருக்கு. அப்படியே அமுக்குது. நல்லா இருக்கும்மா."

ராத்திரிச் சாப்பாடு வரை கழற்றவில்லை. பாப்பா அந்தப் புருவங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணிமணி எடுத்து வைக்கவில்லை. அத்தை அதைக் கேட்கவும் இல்லை. நாளைக்குக் கேட்பார்.

டிசம்பர் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் மறுபடி குல்லாவை மாட்டிக்கொண்டு, பாப்பாவின் துணியைத் தானே எடுத்து வைக்க அலமாரியைத் திறந்தார் அத்தை. நான் பின்னி ஒளித்து வைத்த அத்தனையும் பொலபொலவென்று விழுந்தன. கட்டிலில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். வார்டில் சுற்றி வருகிற மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"இது எந்தப் பொம்மைக்கு?"

"அது ஆரஞ்சுப் பழத்துக்கும்மா," என்றார் என் உத்தமர்.

"எதுக்குடா ஆரஞ்சுப் பழத்துக்குக் குல்லா?"

இவர் டாக்டர் சொன்னதைத் தன் கண்டுபிடிப்பையும் சேர்த்து மறுபடி சொன்னார். பயந்தால் இறுகுமாம், சந்தோஷமாக இருந்தால் தொளதொளக்குமாம். ஆதாரத்துக்குத் தன் குல்லாவை மாட்டித் தாடைவரை இறக்கிக் காட்டினார்.

அத்தை சிரிக்கவில்லை. ஆரஞ்சுக் குல்லாவைக் கையிலேயே வைத்திருந்தார். "இது என்னைக்குப் பின்னினது?"

நான் தரையைப் பார்த்தேன். குல்லாவுக்குள்ளிருந்து இவர்தான் சொன்னார்: "நீங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்னு போன் பண்ணீங்களேம்மா. அன்னைக்கு."

அத்தையின் கை மெல்லத் தன் தலைக்குப் போனது. "அப்ப இது?"

"இருபதாம் தேதி வரேன்னு சொன்ன அன்னைக்கு."

கழற்றினார். நெற்றியில் கண்ணி கண்ணியாக அச்சு பதிந்திருந்தது. அதை ஒரு விரலால் தடவினார்.

"வார்டுல சில பேரு வலிக்கலை வலிக்கலைம்பாங்க. போர்வையைப் பாத்தா கசக்கிப் பிழிஞ்சு வெச்சிருப்பாங்க. நீயும் அந்த ரகமா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னேனேத்தை. பாக்கலாம்னு."

"அது சொன்னதா?"

அப்போதுதான் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "பாப்பாவை அனுப்ப எனக்கு இஷ்டமில்லைங்கத்தை! அவ என்கிட்டதான் இருக்கணும்!" — பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். பாப்பா திடுக்கிட்டு அழுதாள். நான் அழுதேன். இவர் குல்லாவைக் கழற்றாமலே நின்றார், புத்திசாலி.

அத்தை பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார்.

"நாப்பது பேரைப் பாத்துக்கிட்டவ நான். இப்ப வீட்ல ஒரே ஒரு செடி இருக்கு. அதுகிட்ட போய் மருந்து குடிச்சியான்னு கேக்க முடியுமா?" பாப்பாவின் முதுகைப் பார்த்துத்தான் சொன்னார். "உனக்கு ஒத்தாசைன்னு நெனைச்சேன். எனக்கும் ஒத்தாசைன்னு நெனைச்சேன்."

இத்தனை வருஷத்தில் அத்தை எதையாவது எனக்கு விளக்கிச் சொன்னது இதுவே முதல் முறை. "அப்ப நீங்க இங்க வந்துடுங்கத்தை," என்றேன்.

"பாக்கலாம்," என்றார் அத்தை.

டிசம்பர் 22, திங்கள்

அவர் "பாக்கலாம்" சொன்னால் என்ன அர்த்தம்? இவரிடம் கேட்டேன். இவருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

தெரிந்துவிட்டது. ஊருக்குப் போன அத்தை இரண்டு பெட்டியோடும் மடியில் செடியோடும் திரும்பி வந்து இறங்கினார். இவருடைய கருவிப் பெட்டிகள் சின்ன அறையிலிருந்து பால்கனிக்குப் போயின. பாப்பாவை அனுப்பாமல் தப்பித்தேன். அத்தையிடமிருந்து தப்பிக்கவில்லை. வந்த ஒரு மணி நேரத்தில் பால் கொதிக்க வைக்கும் பாத்திரத்தை மாற்றிவிட்டார், தொட்டிலைத் திசை மாற்றிவிட்டார், என்னையும் கொஞ்சம் குனியாமல் நிற்கச் சொன்னார்.

ஜனவரி 5, திங்கள்

வேலைக்கு முதல் நாள். வாசலிலேயே அழுதுவிட்டேன். பாப்பா அழவில்லை. அது இன்னும் மோசம்.

ஜனவரி 11, ஞாயிறு

அத்தைக்குப் புதுக் குல்லா பின்னினேன். பழையதைத் தலைவலிக்கென்று மருந்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். இது நல்லபடியாக வர வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டு, வாரம் முழுக்க ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னினேன். பக்கத்து சீட்டுக்காரி ஊரில் உள்ள வம்பையெல்லாம் கொட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சிரித்த சிரிப்பில் கண்ணி தவறிவிட்டது. பாப்பா தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று தினம் ஒரு முறை போன் செய்தேன். ஒரே ஒரு முறை. வியாழக்கிழமை அதையும் மறந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைவு வந்தது. நான் எல்லாம் ஒரு தாயா?

சாயங்காலம் அத்தை போட்டுப் பார்த்தார். அதே எண்பது கண்ணிதான். நெற்றியைத் தாண்டியது, கண்ணை மூடியது, மூக்கில் போய் நின்றது. மடியில் இருந்த பாப்பா கெக்கெக்கே என்று சிரித்து நீல நூலைப் பிடித்து இழுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, மன்னிச்சுக்கோங்கத்தை. அவிழ்த்துட்டு வேற —"

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார் அத்தை, குல்லாவுக்குள்ளிருந்து. "ஆபீஸ் நல்லாத்தான் போயிட்டிருக்கு போல."