கூடை தலைக்கு ஏறிய பிறகு

திருவொற்றியூர்,
ஞாயிறு.

அன்பு மகன் வல்லரசுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவும் தங்கை சௌமியாவும் சுகம். நானும் சுகம் என்று எழுத இம்முறை கை வரவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

உங்கள் துபாய் கம்பெனியிலிருந்து நான் மேனேஜராக இருக்கும் எர்ணாவூர் இறால் கம்பெனிக்கு வந்த மின்னஞ்சலின் அடியில், கொள்முதல் அதிகாரி என்று உன் பெயர் இருந்தது. ரூபாய் சரிந்ததால் எங்களுக்கு லாபம் கூடிவிட்டதாம், பேசிய டாலர் விலையைக் குறைக்க வேண்டுமாம், இல்லையேல் சரக்கை எடுக்க மாட்டீர்களாம். கன்டெய்னர் உங்கள் துறைமுகத்தில் இறங்கிய பிறகு இதை எழுதியிருக்கிறாய். உறைந்த இறாலைத் திருப்பிக் கொண்டுவந்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது உனக்குத் தெரியும். காசிமேட்டு மீன் ஏலத்தில் கூடை தலைக்கு ஏறிய பிறகு யாரும் விலை பேசுவதில்லை. என் தோளில் உட்கார்ந்து நீ பார்த்த ஏலம் அது. நாம் இருவருமே பொருளாதாரம் படித்தவர்கள். உங்கள் திர்ஹாம் டாலரோடு சேர்த்துக் கட்டிய படகு, அசையாது. எங்கள் ரூபாய் அலையில் கிடப்பது. அது இறங்கினால் டாலருக்குக் கூடுதல் ரூபாய் வரும், உண்மைதான். டீசலும் பேக்கிங் பையும் அதனாலேயே விலை ஏறுமே, அதை ஏன் விட்டுவிட்டாய்? மிஞ்சுவதை இறால் உரிக்கும் பெண்களுக்குக் கூலி உயர்வாகத் தர முதலாளியிடம் போராடி வாக்கு வாங்கியவன் நான். விலைக்குறைப்புக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டு, உயர்வு இல்லை என்று நேற்று அவர்களிடம் சொன்னவனும் நான்.

அவர்களில் ஒருத்தியான பச்சையம்மா, ஐஸ் தண்ணீரில் வெளுத்த விரல்களைப் புடவையில் துடைத்தபடி, "ரூபா வுழுந்தா எங்க தலை மேலதான் வுழணுமா சார்? எவன் அந்த துபாய்க்காரன், அவன் உருப்படுவானா?" என்றாள். பிறகு அதே மூச்சில், "நம்ம தம்பி எப்டி கீது, வேளைக்குத் துண்ணுதா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

மேலிடம் சொன்னதால் எழுதினேன் என்பாய். இருக்கலாம். அந்த மின்னஞ்சல் அனுப்பிய வாரமும் அம்மாவோடு வெகுநேரம் பேசினாய். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை.

பச்சையம்மாவின் வாய்ச்சொல் உன்னைத் தீண்டாதிருக்கட்டும். நோய் நொடியின்றி நீண்ட நாள் வாழ வேண்டும். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, உனக்காக இறால் தொக்கு செய்துகொண்டிருக்கிறாள், சொல்லிவிடாதே. பொங்கலுக்கு வரும்போது எர்ணாவூர்ப் பக்கம் மட்டும் வராதே. பச்சையம்மா அந்த விரல்களால் உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பாள். அதை நின்று பார்க்க என்னால் ஆகாது.

உன் அப்பா,
எத்திராஜ்