கற்றாழை நட்ட ஆயில் டப்பா

நீங்கள் ஊற்றியது தவறான எண்ணெய் என்று எழுதினார்கள் பாய். ஊற்றியவரைக் கேட்காமல், டப்பாவைப் பார்க்காமல், சர்வீஸ் சென்டரின் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரே வரியில் எழுதினார்கள்: "வெளி மெக்கானிக் தவறான எண்ணெய் ஊற்றியதால் எண்ணெய் குறைகிறது." அது பொய். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இன்று காலை வண்டியின் பானெட்டைத் தூக்கி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெள்ளை வேட்டிக் கிழிசலில் ஒற்றினேன். போன மாதம் ஒற்றிய துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கறையும் ஒரே நீளம். விரலில் அந்த எண்ணெய் வாசனை. நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும் வாசனை. உங்களிடம் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதல் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் தங்கை பேத்திக்கு மேலூரில் காதுகுத்து. மகன் வாங்கிய ஏழு பேர் உட்காரும் புது வண்டியில் ஒன்பது பேர் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. மகன் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டான், யாரும் எடுக்கவில்லை. நான் உங்களுக்குப் போட்டேன். கோரிப்பாளையத்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வழியிலேயே எண்ணெய் டப்பா ஒன்று வாங்கி ஸ்கூட்டரில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தீர்கள்.

"என்னக்கா, கம்பியில பொட்டு ஆயில் இல்ல. எப்ப மாத்துனது?"

"மாத்தி ரெண்டு மாசம் ஆகல பாய்."

சாலையோரம் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்தீர்கள். எழுந்து சட்டையைத் தட்டினீர்கள்.

"கீழ எங்கயும் ஒழுகல. காலையில ஸ்டார்ட் பண்ணயில நீலமாப் புகை வருதா?"

"வருது. குளிருக்கு வருதுன்னு நெனச்சேன்."

"மதுரையில ஏதுக்கா குளிரு? ஆயில் எரியிது. வண்டியே குடிக்குது."

எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள் என்று மகன் சொன்னான். நீங்கள் ஸ்பேனரைத் தொடவில்லை. "வேணாம் மாப்ள. நான் ஒரு போல்ட்டுல கைய வச்சாலும் நாளைக்கு எல்லாம் என் தலையிலதான் வந்து விழும். வாரன்ட்டி இருக்குல்ல, அவங்களே பிரிக்கட்டும்." எண்ணெயை மட்டும் ஊற்றினீர்கள். காலி டப்பாவை என்னிடம் கொடுத்து, "இதத் தூக்கிப் போட்டுறாதீங்கக்கா" என்றீர்கள். நான் தூக்கிப் போடவில்லை. வாயை வெட்டி, மண் நிரப்பி, கற்றாழை வைத்தேன். நல்ல டப்பாவை எப்படி வீணாக்குவது?

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் பையன் ஒருவன் முதலில் சொன்ன பதில், "இந்த வண்டிக்கு இம்புட்டுக் குறையிறது சகஜம் மேடம்."

"எங்க பழைய வண்டி பதினாலு வருசம் ஓடுச்சு. அதுக்குக் குறையலயே?"

"அது பழைய மாடல் மேடம்."

பழசு குடிக்காது, புதுசு குடிக்கும் என்றால் எதற்குப் புதுசு வாங்குவது? வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் விட்டுப்போன வேட்டி ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்தேன். தினமும் காலையில் கம்பியை ஒற்றி, தேதி எழுதி, கொடிக்கயிற்றில் மாட்டினேன். முப்பது நாள், முப்பது துணி; கறை நாளுக்கு நாள் குட்டையானது. மொத்தமாகக் கொண்டுபோய் அந்த அட்வைசர் பையன் மேசையில் வைத்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"வண்டி எங்க மேடம் நிக்கும்?"

"எங்க வீட்டு வாசல்ல."

"வாசல் சாய்வா?"

எங்கள் தல்லாகுளம் தெருவில் எந்த வாசல் சாய்வாக இல்லை? சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று எல்லோரும் மேடாக்கி, சரிவு போட்டுத்தான் வண்டியை ஏற்றுகிறோம். "சரிவுல நிப்பாட்டிப் பாத்தா அளவு தப்பாத்தான் காட்டும்" என்று துணிகளை என் பக்கம் தள்ளினான். பிறகு, இடையில் எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்டான். உள்ளதைச் சொன்னேன். அந்த வரியை அப்போதுதான் ஜாப் கார்டில் ஏற்றினான்.

நேரே உங்கள் கடைக்கு வந்து கொட்டினேன். நீங்கள் முழுவதும் கேட்டுவிட்டு, "சரிவு விசயத்துல அவன் சொல்றது நியாயந்தான்கா" என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம். "அப்ப நீங்களும் அவங்க பக்கமா?" என்று எழுந்து வந்துவிட்டேன். ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் வண்டியோடு கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எட்டாவதோடு நின்ற படிப்பு, பரவாயில்லை. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. எந்த எண் போட்ட எண்ணெய் என்றும் போட்டிருந்தது. கற்றாழைத் தொட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதே எண்.

எட்டாம் நாள் ஒரு கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிக்கொண்டு நீங்களே வந்தீர்கள். தெரு முழுக்க முட்டி போட்டு அதைத் தரையில் வைத்து வைத்துப் பார்த்தீர்கள். குமிழி நடுவில் நின்றது ஓரிடத்தில்தான், எதிர்வீட்டு வக்கீல் வாசலில்.

"என்ன பாய், எங்க வீட்டு வாசல அளக்குறீங்க? பட்டா போடவா?"

"இல்ல சார். அக்காவுக்குத் தெனம் பத்து நிமிசம் வேணும்."

மறுநாளிலிருந்து புதிதாக ஆரம்பித்தோம். கடை திறக்கப் போகும் வழியில் வருவீர்கள். மகன் வண்டியைக் கொண்டுவந்து வக்கீல் வாசலில் நிறுத்துவான். எண்ணெய் கீழே இறங்கும்வரை பத்து நிமிடம் பேசிக்கொண்டு நிற்போம். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாகத் தெருவில் நின்றதில்லை. பெரும்பாலும் என்னைக் கேலிதான் செய்வீர்கள். ஒருநாள் மட்டும், "டாக்சி ஸ்டாண்டுல ரெண்டு பேரு இப்ப நம்ம கடைக்கு வாறதில்லக்கா. பாய் ஆயில மாத்தி ஊத்திருவாராம்ல" என்று சிரித்தீர்கள். சர்வீஸ் சென்டரில் எழுதிய வரி கோரிப்பாளையம்வரை நடந்து வந்திருந்தது. சிரித்துக்கொண்டே, துடைத்து முடித்த கம்பியை மறுபடி மறுபடி துடைத்தீர்கள். வண்டி எனக்கு அன்றே இரண்டாம்பட்சமாகிவிட்டது.

இருபத்திரண்டாவது துணி வரைதான் நீங்கள் இருந்தீர்கள். அஸர் தொழுதுவிட்டு வந்து கடைவாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் தம்பி போன் செய்தார்.

மீதித் துணிகளை நான் தனியாக ஒற்றினேன். முப்பதும் முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். "விடுங்கம்மா, அவரே போயிட்டாரு" என்றான். அவர் போனால் பொய் உண்மையாகிவிடுமா? இந்த முறை அட்வைசரிடம் போகவில்லை, மேனேஜர் அறைக்குப் போனேன். கண்ணாடி மேசையில் துணிகளை வரிசையாகப் பரப்பி, நடுவில் கற்றாழைத் தொட்டியை வைத்தேன். மண் கொஞ்சம் சிந்தியது.

"என்ன மேடம் இது, செடி?"

"செடியப் பாக்காதீங்க. டப்பாவப் பாருங்க. உங்க புத்தகத்துல இருக்குற நம்பர் இதுல இருக்கான்னு வாசிங்க."

வாசித்தார். அதே நம்பர். அவர்களே எண்ணெய் நிரப்பி, மூடிக்கும் கம்பிக்கும் சீல் வைத்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி வரச் சொன்னார்கள். மேலூருக்கும் வீட்டுக்குமாக மகன் ஓட்டினான். யாரும் எதையும் தொடவில்லை என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். திரும்பி வந்தபோது சீல் அப்படியே இருந்தது, எண்ணெய் கம்பியின் அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தது. எஞ்சினைப் பிரித்தார்கள். பிஸ்டனில் எண்ணெயை வழித்துவிட வேண்டிய ரிங்குகள் ஒட்டிப்போய் நகராமல் கிடந்தன. நீங்கள் சாக்கில் படுத்து எழுந்து சொன்னதுதான். வண்டியேதான் குடித்திருக்கிறது.

ரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். வாரன்ட்டியில்தான். திருப்தி என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"அந்த வரிய அடிங்க, போடுறேன்."

"கம்ப்யூட்டர்ல ஏத்துனத எடுக்க முடியாது மேடம்."

"ஏத்துனது மனுசன்தானே?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டேன். மூன்றாம் நாள் மேனேஜர் கையெழுத்தோடு, முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தார்கள். பழுது ரிங்கில்தான், வெளியில் ஊற்றிய எண்ணெய் சரியான எண்ணெயே என்று இருந்தது. உங்கள் தம்பி அதைக் கண்ணாடி போட்டு, கடையில் உங்கள் ஸ்டூலுக்கு மேலே மாட்டியிருக்கிறார். டாக்சி ஸ்டாண்டுக்காரர் ஒருவர் நின்று அதை வாசித்துவிட்டு, சாவியை உங்கள் தம்பியிடம் கொடுத்ததை நானே பார்த்தேன். வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் பாய். ஆனால் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்களோடு ஒற்றிய கடைசித் துணி, அந்த இருபத்திரண்டாவது, என் கைப்பையில் சாவிக்கொத்தோடு இருக்கிறது. அது அங்கிருந்து வெளியே வர வேண்டுமானால் இன்னும் சில வேலைகள் பாக்கி.

அட்வைசர் பையன் கோரிப்பாளையம் போக வேண்டும். போனில் சொன்னால் போதாது. உங்கள் தம்பி முகத்தைப் பார்த்து, தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மேனேஜர் கம்ப்யூட்டரில் இருக்கும் வரியை எடுக்க வேண்டும். எடுக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். டாக்சி ஸ்டாண்டின் இன்னொருவரும் வந்து அந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டும். வாரன்ட்டி முடிகிற மறுநாளே என் மகன் வண்டியை உங்கள் தம்பி கடையில் விட வேண்டும். உங்கள் தம்பி கொத்தனாரிடம் ரசமட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் தினமும் காலையில் வக்கீல் வாசலில் பத்து நிமிடம் நின்று கம்பியை ஒற்ற வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நீங்கள் சரியான எண்ணெயைத்தான் ஊற்றினீர்கள்.