ஆடாத சுடர்

ஜனவரி 9, வெள்ளி

எங்கள் வீட்டு வெளிச்சுவர் முழுக்க வெள்ளிப் பலகை ஏறிவிட்டது. விரல் கனம்தான். பலகைக்குள் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு வெள்ளித்தாளில் ஒட்டியிருக்கிறார்களாம். குளிர் உள்ளே வராது, சூடு வெளியே போகாது. என் வீட்டுக்காரர் குடியிருப்புச் சங்கச் செயலாளர். ஆகவே மாதிரி வீடு எங்களுடையது.

சாரம், பச்சை வலை, ஜன்னல்கள் மேல் பிளாஸ்டிக் தாள். பகலிலேயே லைட் போட்டுச் சமைக்கிறேன். வானம் என்ன நிறம் என்று பால் வாங்கக் கீழே போனால்தான் தெரிகிறது.

இதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இவர் முன்பக்கத்தை மட்டும்தான் புரட்டுவார்.

ஜனவரி 10, சனி

சமையலறைச் சாமி மாடத்தில் இன்று சுடர் அசையவே இல்லை. இத்தனை வருஷமாக எதிர்ச்சுவர்க் காற்றுத்துளையிலிருந்து வரும் காற்றுக்கு ஆடும். ஒரு கையால் மறைத்துக்கொண்டே கும்பிடுவேன். இன்று வரைந்து வைத்தது போல் நின்றது. ஆண்டவனே வந்து நிற்கிறான் என்று கண் நிறைந்துவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

மகளுக்குத் தலைவலி. "புக்கைத் திறந்தாலே தூக்கம் வருதும்மா." "எல்லாருக்கும் அப்படித்தான் வரும்" என்று இவர் சிரித்தார்.

ஜனவரி 14, புதன்

இன்று வாந்தியும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் சரியாகிவிடுகிறதாம். "ஸ்கூலுக்குப் போனா தலைவலி போகுதுன்னு சொல்ற ஒரே புள்ள நீதான்டி" என்றேன். சொன்ன பிறகு உறுத்தியது. ஏன் வீட்டில் மட்டும்?

ஜனவரி 15, வியாழன்

வெந்நீர் போடும்போது சமையலறை கேஸ் ஹீட்டரின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக நாக்கை நீட்டியது. அதோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பள்ளிக்கூடம் போகாமல் அண்ணனின் பாடப் புத்தகங்களில் நானாகக் கற்ற படிப்பு. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். சுடர் மஞ்சளானால் காற்று போதவில்லை. விஷவாயு உண்டாகும். மணம் இருக்காது. தலைவலி, வாந்தி, தூக்கம், அப்புறம் —

அந்த வரியை இங்கே எழுத மாட்டேன்.

ஸ்டூல் போட்டு ஏறிக் காற்றுத்துளைக்குள் கை விட்டேன். மறுமுனையில் வழவழவென்று வெள்ளிப் பலகை.

இதையா நான் கும்பிட்டேன்?

ஹீட்டரை அணைத்து, வாசல் கதவை விரியத் திறந்து வைத்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

இவருக்குத் தெரிந்தே இருக்கிறது. "நான்தான் மூடச் சொன்னேன்" என்றார். அந்தப் பலகையை வெட்டக்கூடாது, துளைக்கக்கூடாது. காற்றுப் புகுந்தால் செத்துவிடும். துளை விட்டுப் புதிதாகச் செய்து வர மாதக்கணக்கு ஆகும். வரும் வியாழக்கிழமை விசிறி வைத்துக் காற்றுக் கசிவைச் சோதிப்பார்கள். எங்கள் வீடு தேறினால்தான் மற்ற வீடுகளுக்கும் வேலை.

"அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு."

"புள்ளைக்கு முடியலைங்க."

"ஹீட்டரைப் பத்தி உனக்கென்ன தெரியும்? எந்தக் காலேஜ்ல படிச்ச?"

சொல்லிவிட்டு வாசல் கதவைச் சாத்தினார். சூடு போய்விடுமாம்.

சுவரை மூடியாச்சு, ஜன்னலை மூடியாச்சு, வாயையும் மூடணுமாம். நான் எது வழியாத்தான் மூச்சு விடுறது?

ஜனவரி 17, சனி

நான் அணைத்த ஹீட்டரை இவர் போட்டிருக்கிறார். குளித்துவிட்டு வந்த பிள்ளை கதவோரம் துணி மாதிரி மடிந்து உட்கார்ந்துவிட்டாள். இவர்தான் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். கண் திறந்தாள். ஆண்டவனே, திறந்தாள்.

வெளியே இவர் நின்றுகொண்டே இருந்தார். "வியாழன் வரைக்கும் வெந்நீர் வேண்டாம்" என்றார், சுவரைப் பார்த்து.

வியாழனுக்குப் பிறகு? அன்றே மேல்பூச்சுப் பூசிச் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் அந்தத் துளையை யார் திறப்பார்?

ஜனவரி 18, ஞாயிறு

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். இவர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். திரைச்சீலைக் கம்பியைக் கழற்றினேன். சாமியிடம் அனுமதி கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. துளைக்குள் விட்டு ஒரே குத்து.

உஸ்ஸென்று ஒரு சத்தம். இன்னும் அழுத்தினேன், மறுபக்கம் போகும்வரை, கை நுழையும் அளவு கிழியும்வரை. முகத்தில் சில்லென்று அடித்தது காற்று.

ஜனவரி 19, திங்கள்

திரைச்சீலை மறுபடி தொங்குகிறது. கம்பி கொஞ்சம் வளைந்திருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

வாசலில் பெரிய விசிறியை மாட்டி ஓட்டினார்கள். இன்ஜினியர் சுவர் சுவராகக் கையை நீட்டிக்கொண்டே வந்து காற்றுத்துளையின் முன்னால் நின்றார்.

"சார், யாரோ பலகையைக் குத்திக் கிழிச்சிருக்காங்க!"

நான் சாமி மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் திரைச்சீலைக் கம்பியைப் பார்த்தார். பிறகு என்னை. அடுத்த அறையில் பிள்ளை சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"எலியா இருக்கும்" என்றார்.

"அஞ்சாவது மாடிக்கா சார்?"

"நல்லா படிச்ச எலி சார். வரைபடத்தை மாத்துங்க. எல்லா வீட்டுக்கும் துளை விட்டே பலகை செய்யச் சொல்லுங்க."

வீடு தேறவில்லை. என்னிடம் இவர் இன்னும் பேசவில்லை. ஜன்னல் தாளையும் பிரிக்கவில்லை. வலைக்குப் பின்னால் எப்போது இருட்டியது என்று தெரியவில்லை.

விளக்கு ஏற்றினேன். ஆடியது. கையால் மறைக்கவில்லை.