பின்னட்டையிலிருந்து படிக்கவும்

வாகட், புனே
ஞாயிறு காலை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் வைஷுவும் இங்கே சௌக்கியம். நீங்களும் சௌக்கியம்தான் என்பதை வெள்ளிக்கிழமை போனில் உங்கள் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் நம்பினேன். மூன்று வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் இறங்கியது. போனை வைத்ததும் இரண்டு தட்டு அவல் போஹா சாப்பிட்டேன். வைஷு என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாவது தட்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

உங்கள் மறுவாழ்வு இல்லத்தில் கொடுத்த பத்து நிமிடத்தில் எட்டு நிமிடத்தைச் சிரித்தும் அழுதுமே தீர்த்துவிட்டோம். நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். எதற்கும் காரணம் கேட்காமல் விடாத ப்ராஜெக்ட் மேனேஜர் ஆயிற்றே நீங்கள், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் நீங்கள் எழுதியிருந்தீர்கள், நினைவிருக்கிறதா? குடியை நிறுத்தியதும் வந்த கை நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் பேப்பர்கூடப் படிக்க முடியவில்லை, நாலு வரிக்கு மேல் எழுத்தெல்லாம் நகர்கிறது, பொழுதுதான் பெரிய எதிரி என்று. அதை வைஷுவிடம் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு மங்கா அனுப்பலாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. காலேஜ் போகிற பெண் இன்னும் ஜப்பான் பொம்மைப் புத்தகம் படிக்கிறாளே என்று நீங்கள் அவளைக் கேலி செய்யாத நாள் உண்டா? அதையே உங்களுக்கு அனுப்பினால் பழிவாங்கல் மாதிரி ஆகாதா என்றேன்.

அதற்கு அவள் ஒரு பிரசங்கமே செய்தாள். கத்தி சுழற்றுவதும் பூதத்தோடு சண்டை போடுவதும் மட்டும் மங்கா இல்லையாம். அவை ஊருக்கே தெரிந்தவை. பெரியவர்களுக்கென்றே வேறொரு அலமாரி இருக்கிறதாம். வேலை போனவர்கள், விவாகரத்தானவர்கள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்கள், இப்படி நம்மை மாதிரி மனுஷர்களின் கதைகள். இங்கிலீஷில் நன்றாக மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்றாள். அப்பா பல்வந்த் சௌக் கடைத்தெருவில் ஒரு பழைய புத்தகக் கடையின் மாடியில் அரை நாள் உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வசனம் மிகக் குறைவு, பத்து பக்கத்துக்கு ஒரு வாக்கியம்கூட இருக்காது, எழுத்து நகர்ந்தாலும் அப்பாவுக்குக் கஷ்டமில்லை என்றாள். நான் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பார்சல் கட்டினேன். என் முதல் தப்பு அது.

இரண்டு நாள் கழித்து உங்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கிற ஜமீலா மேடம் போன் செய்தார். குரலில் ஒரு தயக்கம். புத்தகத்தின் அட்டையில் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று முத்திரை இருக்கிறதே, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போனை வைஷுவிடம் தள்ளினேன். பொதுக் குளியல் அறையில் கிழவர்கள் முதுகு தேய்த்துக்கொள்கிற ஒரு காட்சி இருக்கிறது, அவ்வளவுதான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை போரடிக்கும், அதற்காகத்தான் அந்த முத்திரை என்று அவள் சொன்னாள். எதற்கும் தானே ஒருமுறை படித்துவிட்டுக் கொடுக்கிறேன் என்றார் ஜமீலா மேடம். மறுநாள் அவரே கூப்பிட்டு, என்ன அருமையான முடிவு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இன்றே கொடுத்துவிடுகிறேன் என்றார்.

அதற்கப்புறம் வந்தது உங்கள் கடிதம். நாலே வரி. "புத்தகம் படித்து முடித்தேன். நீ சொல்ல வந்தது புரிந்தது. உன்மேல் தப்பில்லை. வைஷுவைப் பார்த்துக்கொள்." அதை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் என்ன சொல்ல வந்தேன்? ஒன்றும் சொல்ல வரவில்லையே! அடுத்த ஞாயிறு நீங்கள் போனுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. முப்பத்தொன்றாம் தேதி விடுவிக்கும்போது எந்த முகவரிக்குப் போகிறீர்கள் என்று கேட்கிற படிவத்தில் நாக்பூரில் உங்கள் சிநேகிதர் சங்கரன் வீட்டை எழுதியிருக்கிறீர்கள் என்று ஜமீலா மேடம் மெதுவாகச் சொன்னார். சாப்பாடும் பாதிதான் என்றார். அந்தப் புத்தகத்தில் உங்களை நோகடிக்க ஒன்றுமே இல்லையே என்று அவருக்கும் குழப்பம்.

வியாழக்கிழமை பார்வையாளர் நாளுக்கு ஸ்கூலில் லீவு போட்டுவிட்டு சாத்தாரா பஸ் ஏறினேன். மழை. நீங்கள் கீழே இறங்கி வரவில்லை. ஒரு மணி நேரம் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறந்து ஊட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் டப்பாவில் உங்களுக்குப் பிடித்த எலுமிச்சை சாதம் இருந்தது. கடைசியில் ஜமீலா மேடம் வந்து, அவர் இதை உங்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் என்று புத்தகத்தை நீட்டினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அதைப் பிரித்தேன். நாம் எல்லோரும் எப்படிப் பிரிப்போமோ அப்படி. முதல் படத்தில் வீட்டு வாசலில் ஒரு பெண், கையில் ஒரு பை. பக்கத்தைப் புரட்டினால் அந்தப் பை புருஷன் கையில். அவன் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடக்கிறான். மீன் சந்தையைத் தாண்டுகிறான், யாரோ ஒரு கிண்ணம் சூப் கொடுக்கிறார்கள், குளியல் அறையில் கிழவர்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறான், கடைசியில் ரயிலில் இருக்கிறான். முடிந்தது. பெண்டாட்டி புருஷனைப் பையோடு வெளியே அனுப்புகிற கதையை, வீட்டை விட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கு அனுப்பியிருக்கிறேனே என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் "காய் ஜாலா, தாயி?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என்ன ஆயிற்று என்று மராத்தியில் எப்படிச் சொல்ல? தமிழிலேயே சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் வைஷுவைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்கு அனுப்புகிற கதையாடி இது என்று கத்தினேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் வீட்டுக்குத் திரும்பி வருகிற கதைதானே அது என்கிறாள். எங்கே வருகிறான், ரயிலேறிப் போய்விட்டானே என்கிறேன் நான். அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, திருப்பி, பின்னட்டையை மேலே வைத்தாள். "அம்மா, இது ரைட் சைடுலேர்ந்து படிக்கணும். நீயும் உல்டா, அப்பாவும் உல்டா" என்றாள்.

ஜப்பான்காரர்களுக்கு நம் கடைசிப் பக்கம்தான் முதல் பக்கமாம். இங்கிலீஷில் போடும்போதும் படங்களை அப்படியே விட்டுவிடுவார்களாம். இடதுபக்கம் பிரிக்கிற நம்மைப் போன்றவர்களுக்காக அந்தப் பக்கத்திலேயே, நில், இது கடைசிப் பக்கம், மறுபுறம் போ என்று பெரிதாக அச்சடித்திருப்பார்களாம். அந்த எச்சரிக்கை எங்கே போயிற்று என்று தேடினால், அதன்மேல் உங்கள் இல்லத்தின் 'பரிசோதிக்கப்பட்டது' சீட்டு ஒட்டியிருக்கிறது! கெட்டில் ஆவியில் காட்டி உரித்தோம். அடியில் அத்தனையும் பத்திரமாக இருந்தது.

ஜமீலா மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் சின்ன வயதில் முதலில் படித்தது உருதுவாம். அவர் கை தானாகவே வலதுபக்கம்தான் போகுமாம். அதனால் சரியாகப் படித்து, சரியாக அழுது, பின்பக்கம் ஏதோ விளம்பரம் என்று நினைத்து அதன்மேல் சீட்டை ஒட்டியிருக்கிறார். "யா அல்லா, நானே மூடிட்டேனே" என்று இந்தியில் எத்தனை தரம் சொன்னார் தெரியுமா? விதியை மீறி வெள்ளிக்கிழமை உங்களைப் போனுக்கு அழைத்துவந்தது அதனால்தான். அவர்மேல் கோபப்படாதீர்கள். கேள்வியைச் சரியாகப் படி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதுகிறவள் நான். நானே பஸ்ஸில் தப்பாகத்தானே படித்தேன்!

போனில் நான் சொன்ன அந்தப் பாதியைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "அப்போ அவ பையை வாங்கிக்கறாளா?" ஆமாம், வாங்கிக்கொள்கிறாள். அவன் வாசலில் தயங்கி நிற்கிறான், அவள் பையை வாங்கி உள்ளே கொண்டுபோகிறாள். கதையே அவ்வளவுதான்.

இந்தப் பார்சலில் அதைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன், கூட இன்னும் இரண்டு. இந்த முறை மூன்றையும் நானே முழுக்கப் படித்துவிட்டேன். ஒன்று, பிரிந்துபோன கணவனும் மனைவியும் ஒரே நாயை வாரம் ஒருவராக வளர்க்கிற கதை. ஞாயிறுதோறும் ரயில்வே கேட்டில் நாயைக் கைமாற்றிக்கொள்வார்கள், அந்த இரண்டு நிமிடம்தான் ஒவ்வொரு அத்தியாயமும். சிரிப்பாக இருக்கிறது, திடீரென்று சிரிக்க முடியாமல் போகிறது. நாய்தான் அதில் புத்திசாலி. ஒரு குறை, இங்கிலீஷில் இருவரும் ஒருவரையொருவர் 'யூ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீயா, நீங்களா என்று தெரியாமல் எனக்குக் கை பரபரத்தது. நடுவில் ஒரு இடத்தில் அவள் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாறியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது, எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றில் ஒரு ஆபீஸ் குமாஸ்தாவைப் பறவைகளை எண்ணச் சொல்லி ஒரு தீவுக்கு மாற்றிவிடுகிறார்கள். இருநூறு பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதைப் படித்துக்கொண்டிருந்து நான் பாலைத் தீய்த்துவிட்டேன். வசனமில்லாத பக்கங்களை அவசரமாகப் புரட்டாதீர்கள் என்று வைஷு சொல்லச் சொன்னாள். வலது மூலையில் தொடங்கி இடதுபக்கம், பிறகு கீழே. சந்தேகம் வந்தால் ஜமீலா மேடத்தைக் கேளுங்கள்.

போர்க்கால ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்ஸின் கதையும் இருக்கிறது. மூன்று பாகம். எல்லாவற்றிலும் அதுதான் உசத்தி என்கிறாள் வைஷு. அதை நான் அனுப்பவில்லை. தனியாக உட்கார்ந்து படிக்கிற புத்தகம் இல்லை அது. ஹாலில் டீவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உங்களைக் கேலி செய்யலாம் என்றுதான் தொடங்கினேன். முடியவில்லை. உங்களை அரள வைத்தவள் நான்தானே. ஏப்ரலில், வைஷு சிவாஜிநகர் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உங்களுக்காகக் காத்திருந்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்த அன்று, உங்கள் துணியைப் பையில் திணித்து லிஃப்ட் பக்கத்தில் வைத்தேன். காலையில் நானே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், அதற்கப்புறம் நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருக்க வேண்டும். அன்று எனக்கு வந்த கோபம் நியாயம்தான், அதை இப்போதும் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் நீங்கள் போய்விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு புத்தகத்தைப் பார்த்ததும் உடனே நம்பிவிட்டீர்களே, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

வைஷுவும் உங்கள்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அரை நாள் அந்தக் கடை மாடியில் தூசிக்குள் உட்கார்ந்து தேடினாளே, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது, அதற்கப்புறம் எத்தனையோ நாள் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் சறுக்கினாலும் இங்கேயே சறுக்குங்கள், நாக்பூரில் வேண்டாம்.

முகவரியைப் பற்றி வெள்ளிக்கிழமை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, நேரம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ஜமீலா மேடத்திடம் புதுப் படிவம் ஒன்று கேளுங்கள். கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கடவுள் உங்களுக்குத் தெம்பு கொடுக்கட்டும், எனக்குப் பொறுமை கொடுக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். படிவத்தில் இப்படி எழுதுங்கள், உங்கள் கையாலேயே எழுதுங்கள்:

பத்ரி,
சி-604, மூன்றாவது கட்டடம்,
வாகட், புனே - 411057.

இப்படிக்கு,
அதே முகவரியில் இருக்கும்,
ரோஹிணி