மாக்கிப் பழத்தூளும் விடுபட்ட வரியும்

டண்டினொங்
28.09.2025

அன்புத் தங்கச்சி ரஞ்சினிக்கு,

முழங்கால் நோவைத் தவிர நான் சுகம். உன் சீனி வருத்தம் எப்படி?

இத்துடன் வரும் பொதியில் இருப்பது மாக்கிப் பழத்தூள். சிலி நாட்டில், அந்தீஸ் மலையடிக் காடுகளில் தானாக முளைக்கும் பழம், கையால்தான் பறிக்கிறார்கள். உடம்பின் கலங்கள் பழுதாவதைத் தடுக்கும் சத்து புளூபெரியைவிட இதில் அதிகமாம். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சீனியையும் மட்டுப்படுத்தக்கூடும். நூலகத்தில் அகராதியும் கையுமாக இருந்து மூன்று கட்டுரைகள் வாசித்தேன்.

உன் மகன் யதுர்சனிடம் போனில் சொன்னேன். சிரித்தான். "மாமா, பத்துப் பேரை வைச்சுச் செய்த ஆராய்ச்சியை நம்பியே அம்மாவுக்கு மருந்து அனுப்புறியள்?" என்றான். எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போன நான் வாசிக்கக் கூடாதா? அவனிடம் சொல்லாமல் குடி. டாக்டர் தந்த சீனிக் குளிசையை மட்டும் நிறுத்தாதே.

உன் அண்ணன்
வாசுதேவன்


மேய்ஸ் ஹில்
12.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொதி கிடைத்தது. பாலில் கரைத்துக் குடிக்கிறேன். நாக்கு நாவற்பழம் தின்றது மாதிரி. மருமகள் நிரூபா கண்டுவிட்டு, "மாமி, உங்கட நாக்குக்கு என்ன நடந்தது?" என்றாள். பீற்றூட் என்று சமாளித்தேன். யதுர்சனை மனதில் வைக்காதேங்கோ. வாய்தான் அவனுக்கு.

22ஆம் திகதி கந்தசஷ்டி தொடங்குகிறது. ஆறு நாளும் பின்னேரம் ஒருநேரம் பாலும் பழமும் மட்டும். போன வருடம் யதுர்சன் விடவில்லை. இந்தத் தூள் இருக்கும்போது விரதம் பிடிக்கலாமோ? நீங்கள் ஓம் என்றால் பிடிப்பேன்.

அன்புத் தங்கை
ரஞ்சினி


டண்டினொங்
16.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பிடி. பழம் உன்னைக் காக்கும். காலையில் குளிசையோடு ஒரு கரண்டி, பின்னேரம் ஒரு கரண்டி. டாக்டரைக் கேளாதே, அவருக்கு விரதம் என்றால் என்னவென்று தெரியாது.

முருகனிடம் எனக்காக ஒன்று கேள். மாமா சொன்னது சரி என்று யதுர்சன் ஒருநாளாவது சொல்லட்டும்.

அண்ணன்
வாசுதேவன்


டண்டினொங்
02.11.2025

ரஞ்சினி,

நிரூபாதான் போனில் சொன்னாள். நாலாம் நாள் கோயில் வரிசையில் நீ மயங்கி விழுந்ததையும், வெறும் வயிற்றில் போட்ட குளிசை சீனியை ஒரேயடியாக இறக்கிவிட்டதையும், ஆஸ்பத்திரியிலிருந்து இப்போது வீட்டுக்கு வந்துவிட்டதையும். யதுர்சன் என் போனை எடுக்கிறானில்லை.

நேற்று நூலகத்துக்குப் போய் அந்தக் கட்டுரையைத் திரும்ப வாசித்தேன். அந்தப் பத்துப் பேருக்கும் பழத்தைக் கொடுத்துச் சோறும் கொடுத்திருக்கிறார்கள். சோறு சாப்பிட்டவர்களுக்குச் சீனி கொஞ்சம் மெதுவாக ஏறியது. அவ்வளவுதான். பட்டினி கிடந்தவர் ஒருவரும் இல்லை. முதல் தடவை வாசித்தபோதே இந்த வரியை என் கொப்பியில் எழுதியிருக்கிறேன். உனக்கு எழுதும்போது விட்டுவிட்டேன். மறதி இல்லை. அவன் சிரித்தது உள்ளே கிடந்து குடைந்தது.

பழம் நல்ல பழம்தான், அதில் நான் மாறமாட்டேன். ஆனால் மிச்சத் தூளை டாக்டரிடம் காட்டு. அவர் ஓம் என்றால் மட்டும், சாப்பாட்டோடு குடி.

இந்த நாட்டில் படித்த யதுர்சனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை நீதான் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அண்ணன் மரியாதை பார்த்து, என்னைப்போல நீயும் ஒரு வரியை விட்டுவிடாதே. அந்த வரி இதுதான்:

யதுர்சன், நீ சொன்னது சரி.

வாசுதேவன் மாமா